எதிர்வீட்டு முழங்கால்

23 மார்ச் 2020, திங்கள்

பத்தொன்பதாம் நாள். இடது முழங்கால் மடக்கம் 62 பாகை.

இன்றிலிருந்து எழுதி வைப்பதென்று முடிவு. ஜெனிபா இனி வரமாட்டாள். முழங்காலை மடக்கிவிட ஒருநாள் விட்டு ஒருநாள் வந்துகொண்டிருந்த பிசியோதெரபிப் பெண் அவள். பஸ் நின்றுவிடுமாம், போலீஸ் விடமாட்டார்களாம். போகும்போது வாசலில் நின்று, "அங்கிள், வலிச்சாலும் மடக்கணும். புது மூட்டு போட்டதோட வேலை முடியல. மூணு மாசத்துக்குள்ள வளையலேன்னா அப்படியே இறுகிப்போகும்" என்றாள். டாக்டர் இன்னும் கறாராகச் சொல்லியிருக்கிறார். பன்னிரண்டு வாரத்துக்குள் தொண்ணூறைத் தாண்ட வேண்டும், தாண்டாது போலிருந்தால் அதற்குள் மயக்க மருந்து கொடுத்து அவரே மடக்குவார். அந்தக் கெடுவும் தப்பினால் அவராலும் முடியாது.

மயக்க மருந்து என்றதுமே எனக்கு உள்ளங்கை வியர்த்துவிடுகிறது.

எதிர்வீட்டு ஞானதுரைக்கும் அதே ஆஸ்பத்திரியில், அதே டாக்டர்தான் செய்தார். எனக்கு மார்ச் நான்கு, அவருக்கு ஐந்து. எனக்கு இடது, அவருக்கும் இடது. முப்பத்திரண்டு வருடம் பஸ் ஓட்டி, கிளட்சை மிதித்தே தேய்ந்த முழங்கால் என்று வார்டு முழுவதும் சொல்லிக்கொண்டிருந்தார். நர்சுகள் சிரித்தார்கள். என் முழங்கால் நில அளவை அலுவலகத்தில் உயரமான ஸ்டூலில் உட்கார்ந்து வரைபடம் வரைந்தே தேய்ந்தது. அதை நான் யாரிடமும் சொல்லவில்லை. யாரும் கேட்கவும் இல்லை.

25 மார்ச், புதன்

64. ஊர் அடைத்தாயிற்று. பாளையங்கோட்டை இவ்வளவு அமைதியாக இருந்து நான் பார்த்ததில்லை.

குடியிருப்போர் சங்கத்திலிருந்து அறிவிப்பு ஒட்டியிருக்கிறார்கள். அறுபத்தைந்து வயதுக்கு மேற்பட்டவர்கள் படியிறங்கக் கூடாது, மொட்டை மாடிக்கும் போகக் கூடாது. எனக்கு அறுபத்தெட்டு. அறிவிப்பில் இரண்டு எழுத்துப்பிழை. அதைச் செயலாளரிடம் சொல்லலாம் என்று நினைத்து, பிறகு விட்டுவிட்டேன்.

வீட்டுக்குள்ளேயே நடக்க வழி பார்த்தேன். கூடத்துச் சுவரிலிருந்து சமையலறை நிலை வரை ஏழு மீட்டர் நாற்பது. நடுவில் சாப்பாட்டு மேசை, பீரோ, என் மனைவி ஆவுடையின் தையல் இயந்திரம். நூறு முறை போய்வந்தால் ஒன்றரைக் கிலோமீட்டர். முப்பத்தேழாவது முறையில் ஆவுடை, "தலை சுத்துதுங்க" என்றாள். அவளுக்குத்தான், பார்த்துக்கொண்டிருந்ததில்.

30 மார்ச், திங்கள்

67.

ஞானதுரைக்கு மொட்டை மாடிச் சாவி கிடைத்துவிட்டது. அவருக்கு அறுபத்தாறு. தண்ணீர்த் தொட்டி நிறைந்ததா என்று தினம் பார்த்துச் சொல்கிறேன் என்று செயலாளரிடம் கேட்டாராம். அவரும் கொடுத்துவிட்டார். கேட்டால் கிடைக்கும் என்பது எனக்கு ஏன் தோன்றவில்லை? தோன்றியது. கேட்கவில்லை, அவ்வளவுதான்.

எங்களுடையது மேல்தளம். காலை ஆறு மணிக்கே தலைக்கு மேல் சத்தம் தொடங்கிவிட்டது. தொம், சர். தொம், சர். நாற்பது நிமிடம். படுக்கையில் கிடந்து எண்ணினேன். இரண்டாயிரத்து நூற்றுப் பதினாறு அடி.

31 மார்ச், செவ்வாய்

68.

ஞானதுரை போன் செய்தார். "சர்வேயர் சார்வாள், நீங்க ஏதோ அளந்து எழுதுதியளாமே, மதினி சொன்னாக. எனக்கும் அந்தச் சூட்சுமத்தச் சொல்லிக் குடுங்களேன்" என்றார். நான் சர்வேயர் அல்ல, வரைவாளர். பத்து வருடமாகச் சொல்கிறேன். ஆவுடையை அவர் மதினி என்கிறார், அவளோ அவரை ஞானதுரை அண்ணன் என்கிறாள். இந்த உறவுமுறை எப்படிப் பொருந்துகிறது என்று இருவரும் யோசித்ததாகத் தெரியவில்லை.

என்னிடம் கோணமானி இரண்டு உண்டு. பழைய பிளாஸ்டிக் ஒன்றையும், அளக்கும் முறையை எழுதிய தாளையும் ஒரு பையில் போட்டு, அவர் கதவுக் கைப்பிடியில் மாட்டும்படி ஆவுடையிடம் கொடுத்தேன். எதை எழுதினாலும் நகல் வைப்பது என் வழக்கம். இதற்கும் வைத்திருக்கிறேன். கொஞ்சம் அவசரமாக எழுதும்படி ஆயிற்று. நான் எழுதி முடிப்பதற்குள் ஆவுடை வாசலுக்குப் போய் அவரோடு பேசிக்கொண்டிருந்தாள். முகக்கவசத்துக்குள்ளேயும் இருவருக்கும் சிரிப்பு வருகிறது.

மாலையில் அவரிடமிருந்து செய்தி வந்தது: 112.

நூற்றுப் பன்னிரண்டு. இருபத்தாறே நாளில்.

1 ஏப்ரல், புதன்

முட்டாள்கள் தினமாயிற்றே, விளையாட்டாகச் சொல்லியிருப்பாரோ என்று கேட்டனுப்பினேன். இன்றும் 112.

நான் 68.

4 ஏப்ரல், சனி

71. காலையும் மாலையும் மடக்குகிறேன். தரையில் பவுடரைத் தூவி, நாற்காலியில் உட்கார்ந்து குதிகாலைப் பின்னால் இழுக்க வேண்டும். அதற்கு மேல் போகாதபோது ஆவுடை எதிரில் உட்கார்ந்து, தன் பாதத்தால் என் காலைப் பின்னுக்குத் தள்ளி, இருபது எண்ணும் வரை பிடித்துக்கொள்வாள். பதினான்கிலேயே எனக்குக் கண்ணில் நீர் வந்துவிடும். அவள் இருபது வரை எண்ணாமல் விடுவதில்லை. பதினெட்டை மட்டும் இரண்டு முறை எண்ணுகிறாள் என்று சந்தேகம்.

ஞானதுரை இதைக்கூடச் செய்யாமல் 112. சிலருக்கு உடம்பு அப்படி.

இன்று உளுந்தங்களி கிண்டினாள். எலும்புக்கு நல்லது, உங்களுக்காகத்தான் என்றாள். தூக்குவாளியில் எதிர்வீட்டுக்கும் போயிற்று. அவர் மனைவி எஸ்தர் மகள் பிரசவத்துக்குப் பெங்களூர் போனவர், பஸ்ஸும் ரயிலும் இல்லாமல் அங்கேயே மாட்டிக்கொண்டார். தனியாக இருக்கிற மனுஷன் என்கிறாள். ஆனால் நல்லெண்ணெய்க் குழி எந்தக் களியில் பெரிதாக இருந்தது என்பதைப் பார்த்தேன்.

8 ஏப்ரல், புதன்

74.

காலையில் அவரே போன் செய்தார். குரலில் வழக்கமான துள்ளல் இல்லை. "சார்வாள், இன்னிக்கு நூத்திப் பத்து. ரெண்டு கொறஞ்சிட்டு. நேத்து முழுக்க மடக்கி மடக்கிப் பாத்தேன். மடக்குனா நம்பர் கொறையுது, மாடியில நடந்துட்டு வந்து அளந்தா கூடுது. இது என்ன கணக்கு?"

நம்பர் குறையக் கூடாது என்று சொன்னேன். எது ஒத்துவருகிறதோ அதைச் செய்யுங்கள் என்றும் சொன்னேன். வேறு என்ன சொல்வது?

அவருக்கு இரண்டு குறைந்திருக்கிறது, எனக்கு மூன்று கூடியிருக்கிறது. மத்தியானம் நன்றாகப் பசித்தது. இரண்டாம் முறை சொதி ஊற்றச் சொன்னேன். ஆவுடை ஆச்சரியப்பட்டாள்.

15 ஏப்ரல், புதன்

79. ஆறு வாரம் முடிந்தது. ஜெனிபாவிடம் போனில் சொன்னேன். பரவாயில்லை அங்கிள், விடாதீங்க என்றாள். 'பரவாயில்லை' என்ற சொல்லுக்கு எத்தனை மதிப்பெண் என்று எனக்குத் தெரியும்.

எதிர்வீட்டு அங்கிளும் பேசினாராம். நூற்றுப் பதினான்காம். "அவரு சூப்பர் அங்கிள். நான் வராமலே இவ்வளவு வந்திருக்கு. இனிமே அவரு நல்லா நடந்தாலே போதும்" என்றாள்.

நாள் முழுவதும் அந்தச் சூப்பர் என் காதில் இருந்தது.

21 ஏப்ரல், செவ்வாய்

81.

தொம், சர். தொம், சர். இன்று மூவாயிரத்து நானூறு. ஒரு செருப்பை வேண்டுமென்றே இழுத்து நடக்கிறார். கீழே ஒருவன் நடக்க வழியில்லாமல் கிடக்கிறான் என்று தெரிந்தே செய்கிறார் போலிருக்கிறது.

கூடத்தில் நடக்கும்போது பீரோ முனையில் இடித்துக்கொண்டேன். ஆவுடையிடம் சொல்லவில்லை. விழுந்துவிடுவேன் என்ற பயம் வந்துவிட்டது. மத்தியானம் நடக்காமல், நடந்ததாக அட்டவணையில் குறித்தேன். பிறகு ரப்பரால் அழித்தேன்.

29 ஏப்ரல், புதன்

84. களியும் தூக்குவாளியும்.

ஆவுடை திரும்பி வந்து, அண்ணனுக்குக் குளியலறைக்கு ஒரு உயரமான ஸ்டூல் வேண்டுமாம், நம்முடைய பழைய வரைபட ஸ்டூலைக் கொடுக்கட்டுமா என்றாள். என் ஸ்டூல். இருபத்தேழு வருடம் நான் உட்கார்ந்தது. ஓய்வு பெற்றபோது ஏலத்தில் எடுத்தது. 114 பாகை மடங்குகிற காலுக்கு உயர ஸ்டூல் எதற்கு என்று கேட்டேன். "எனக்கென்ன தெரியும்? கேட்டாரு" என்றாள்.

கொடுத்தாயிற்று.

3 மே, ஞாயிறு

86. அவர் 118.

9 மே, சனி

91!

ஆச்சரியக்குறி போடுவது என் வழக்கமில்லை. மூன்று முறை அளந்தேன். தொண்ணூறைத் தாண்டிவிட்டேன். மயக்க மருந்து இல்லை. ஆவுடை சர்க்கரை போட்டுக் காப்பி கொடுத்தாள். இருபது வரை எண்ணி முடித்துவிட்டு அவளும் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

எதிர்வீட்டுக்குச் சொல்லி அனுப்ப வேண்டாம் என்றேன். 118 வைத்திருப்பவரிடம் 91-ஐப் போய்ச் சொல்வதற்கு என்ன இருக்கிறது? ஆனால் அவள் சொல்லிவிட்டாள். அவர் வாசலில் நின்று கைதட்டினார். எங்கள் கதவு வழியே கேட்டது. பெருந்தன்மை காட்டுவது ஜெயித்தவர்களுக்கு எளிது.

17 மே, ஞாயிறு

96. நாளையிலிருந்து எல்லாரும் மாடிக்குப் போகலாம், இடைவெளி விட்டு. புது அறிவிப்பு. இதில் பிழை ஒன்றுதான்.

18 மே, திங்கள்

காலை ஆறு மணிக்கு மாடிக்குப் போனேன். ஐம்பத்தைந்து நாளுக்குப் பிறகு வானம். படி பதினெட்டு. ஒன்றன்மேல் ஒன்றாக, கால் மாற்றி ஏறினேன். இதை யாரிடமாவது சொல்ல வேண்டும் போலிருந்தது.

ஞானதுரை முன்னாலேயே நடந்துகொண்டிருந்தார். எனக்கு முதுகு காட்டி, தொட்டியை நோக்கி. வலது கால் தொம் என்று விழுந்தது. இடது கால் வளையவில்லை. இடுப்பிலிருந்து முழுக்காலையும் வெளியே வீசி, வட்டமடித்து, தரையைத் தேய்த்துக் கொண்டுவந்து வைக்கிறார். காம்பஸின் பென்சில் கால் சுற்றுவதுபோல. சர்.

என்னைப் பார்த்ததும், "வாங்க சார்வாள், வாங்க. ஒரு வழியா உங்களுக்கும் விடுதலையா?" என்றார். தொட்டித் திண்டில் உட்கார்ந்தார். அதாவது, கையை ஊன்றி மெதுவாகச் சரிந்தார். இடது கால் அவருக்கு முன்னால் பாதி நீட்டியபடியே நின்றது. "இன்னிக்கு நூத்தி இருவத்திரெண்டு" என்றார்.

நாற்பது வருடம் கோணங்களைப் பார்த்த கண். கோணமானி தேவையில்லை. அந்தக் கால் ஐம்பத்தெட்டுக்கு மேல் மடங்கவில்லை.

நூற்றெண்பதில் நூற்று இருபத்திரண்டு போனால் ஐம்பத்தெட்டு.

உடம்பு சரியில்லை என்று கீழே வந்துவிட்டேன்.

நகலை எடுத்துப் பார்த்தேன். என் கையெழுத்து. 'ஒன்று: நாற்காலியில் உட்கார்ந்து முடிந்த மட்டும் மடக்கவும். இரண்டு: கோணமானியின் மையத்தை முழங்கால் மூட்டின் பக்கவாட்டில் வைக்கவும். மூன்று: தொடைக்கும் கெண்டைக்காலுக்கும் நடுவில் உள்ள கோணத்தை எழுதவும்.' அதோடு தாள் முடிகிறது. நான்காவதாக, 'அதை 180-லிருந்து கழிக்கவும்' என்று இருக்க வேண்டும். இல்லை. என் அளவை நான் எப்போதும் நீட்டிய காலைச் சுழியமாக வைத்துத்தான் எடுக்கிறேன். அவர் உள்பக்கக் கோணத்தை அளந்திருக்கிறார், நான் எழுதிக் கொடுத்தபடி. அந்தக் கோணம் கால் மடங்க மடங்கக் குறையும், இறுக இறுகக் கூடும்.

மார்ச் 31 அன்று அவருக்கு 112. அதாவது 68. அன்று எனக்கும் 68. நாங்கள் சரிசமமாக இருந்திருக்கிறோம்.

19 மே, செவ்வாய்

சொல்லவில்லை.

ஏப்ரல் எட்டாம் தேதிக் குறிப்பைத் திரும்பத் திரும்பப் படித்தேன். மடக்கினால் நம்பர் குறைகிறது என்று அவரே கேட்டிருக்கிறார். பத்தாம் வகுப்புப் பையனுக்கு அது போதும், பிடித்துக்கொள்வான். நான் கணிதம் படித்தவன். அன்று எனக்குத் தெரியவில்லை என்றுதான் எழுத வேண்டும். சொதி இரண்டாம் முறை ஊற்றிச் சாப்பிட்டேன் என்றும் எழுதியிருக்கிறேன்.

அவருடைய கெடு மே 28. இன்னும் ஒன்பது நாள்.

20 மே, புதன்

காலையில் மூன்று முறை கதவு வரை போய்த் திரும்பினேன். நான்காம் முறை ஆவுடை பார்த்துவிட்டாள். தாளைக் காட்டிச் சொன்னேன். அவள் திட்டுவாள் என்று நினைத்தேன். "அவரு காலைத் தள்ளிவிட ஒரு ஆளு இல்லையேன்னு எனக்கு எத்தனை நாளு தோணியிருக்கு. நூத்திப் பதினெட்டுன்னு நீங்கதான் சொன்னிய, அதனால வாய மூடிக்கிட்டேன்" என்றாள். அதற்குப் பதில் திட்டியிருக்கலாம்.

எதிர்வீட்டுக் கதவைத் தட்டினேன். பத்து வருடத்தில் நானாகத் தட்டியது இது முதல் முறை என்று நினைக்கிறேன். கவசம் போட்டுக்கொண்டு, ஆறடி தள்ளி, நாற்காலியில் உட்கார்ந்தேன். அவர் என் ஸ்டூலில் சாய்ந்து நின்றார். தாளில் படம் வரைந்து காட்டினேன். எங்கே அளந்தார், எங்கே அளந்திருக்க வேண்டும், நான் எந்த வரியை விட்டுவிட்டேன் என்று.

படத்தைப் பார்த்தபடி முழங்கையை மடக்கி, நீட்டிப் பார்த்தார்.

"அப்ப இத்தன நாளும் ரிவர்ஸ் கியர்ல போயிருக்கேன்" என்றார்.

நான் தலையாட்டினேன். பிறகு அவர் கேட்டதை அப்படியே எழுதுகிறேன். "எட்டாந்தேதி நான் கேட்டேன்லா சார்வாள். மடக்குனா கொறையுதுன்னு. அன்னைக்கே உங்களுக்குத் தெரியுமா?"

தெரியாது என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன்.

"யோசிச்சிருந்தா தெரிஞ்சிருக்கும். யோசிக்க மனசு வரல" என்றேன்.

"ஏன்? மாடிச் சாவிக்கா?"

"சாவிக்கும்தான். களிக்கும்."

"களிக்கா?"

"எண்ணெய் உங்க களியில கூட இருந்திச்சு."

அவர் சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. குனிந்து முழங்காலைத் தடவிக்கொண்டார். எஸ்தர் வரும்போது மாடிப்படி ஏறிக் காட்டுகிறேன் என்று சொல்லியிருந்தாராம். ராத்திரி செருப்புகூடக் கழற்ற முடியாமல் அப்படியே படுத்திருக்கிறாராம். நம்பர் நன்றாக இருக்கிறதே, நமக்குத்தான் சாமர்த்தியம் போதவில்லை என்று நினைத்துக்கொண்டாராம்.

இதை நான் நினைத்துப் பார்க்கவே இல்லை. அவரும் தன்னைச் சந்தேகப்படுவார் என்று.

"சரி, டாக்டருக்குப் போனப் போடும். உம்ம வாயாலேயே சொல்லும். எனக்கு இந்தக் கணக்குச் சொல்ல வராது வே" என்றார். சார்வாளிலிருந்து வே-க்கு வந்துவிட்டார். அது கோபமா, வேறு ஏதாவதா என்று தெரியவில்லை.

டாக்டரிடம் சொன்னேன். யார் எழுதிக் கொடுத்தது என்று கேட்டார். நான்தான் என்றேன். சனிக்கிழமை கூட்டிவரச் சொன்னார்.

23 மே, சனி

ஆட்டோவில் கால் நீட்ட இடம் போதாமல் அவர் பின்னிருக்கையில் குறுக்கே உட்கார்ந்தார். எனக்கு டிரைவர் பக்கத்தில் ஒரு சாண் இடம். வழி முழுக்க, பிரேக்கை எப்போது போட வேண்டும் என்று டிரைவருக்குச் சொல்லிக்கொண்டே வந்தார்.

மயக்க மருந்துத் தாளில் கையெழுத்துப் போட உறவினர் வேண்டும் என்றார்கள். எஸ்தரிடம் போனில் கேட்டுக்கொண்டு என்னைப் போடச் சொன்னார்கள். 'உறவு' என்ற இடத்தில் எதிர்வீடு என்று எழுதினேன். நர்ஸ் அதை அடித்துவிட்டுச் சகோதரர் என்று எழுதினாள்.

உள்ளே பத்து நிமிடம்கூட ஆகவில்லை. டாக்டர் வெளியே வந்து, நல்ல நேரத்தில் வந்தீர்கள், இன்னும் பத்து நாள் போயிருந்தால் தொட்டிருக்க மாட்டேன் என்றார். இனி தினமும் மூன்று வேளை மடக்க வேண்டும், ஒருவேளை விட்டாலும் திரும்ப இறுகும், வீட்டில் யார் செய்வார்கள் என்று கேட்டார்.

நான் என்றேன். சத்தமாகத்தான் சொன்னேன் என்று நினைக்கிறேன்.

25 மே, திங்கள்

காலை, மதியம், மாலை. கையைக் கழுவி, கவசம் போட்டு, எதிரில் உட்கார்ந்து, என் பாதத்தால் அவர் பாதத்தைத் தள்ள வேண்டும். பதினொன்றிலேயே சத்தம் போட்டார். வார்த்தைகள் பஸ் நிலையத்து வார்த்தைகள். நான் இருபது வரை எண்ணினேன். பதினெட்டை இரண்டு முறை எண்ணினேன்.

இரண்டு முறை எண்ணுவது ஏன் என்று இப்போது தெரிகிறது. எதிரில் ஒருவர் அழும்போது எண்ணிக்கை மறந்துபோகிறது.

28 மே, வியாழன்

பன்னிரண்டு வாரம் முடிந்தது. எனக்கு 101.

காலையில் இருவரும் மாடிக்குப் போனோம். அவர் கால் மாற்றி ஏறினார், கைப்பிடியைப் பிடித்துத்தான், இருந்தாலும் கால் மாற்றி. மேலே போனதும் எஸ்தருக்குப் படம் பிடித்து அனுப்பச் சொன்னார். என் விரல் பாதியை மறைத்துவிட்டது. மறுபடி இறங்கி, மறுபடி ஏறினார். பிறகு சாவியை என் சட்டைப்பையில் போட்டு, இனி நீரே தொட்டியைப் பாரும், எனக்கு எட்டிப் பார்க்க முடியவில்லை என்றார். அவர் என்னைவிட உயரம்.

திண்டில் உட்காரவைத்து அளந்தேன். நீட்டிய காலைச் சுழியமாக வைத்து, என் உலோகக் கோணமானியால், நானே.

நூற்று ஆறு.

நம்பாமல் இன்னொரு முறை அளந்தேன். நூற்று ஆறுதான். நான் எண்பத்தைந்து நாள் பவுடர் தூவி இழுத்து, அழுது, பீரோவில் இடித்துக்கொண்டு வாங்கியது நூற்றொன்று. அவர் பத்து நிமிடம் தூங்கியும் ஐந்து நாள் என் காலால் உதைவாங்கியும் நூற்று ஆறு.

"எவ்வளவு வே?" என்றார்.

சொன்னேன். அவர் கைதட்டவில்லை. என் முகத்தைப் பார்த்தார். "உமக்கு?" என்றார். அதையும் சொன்னேன். அப்போதுதான் சிரித்தார், தொட்டித் திண்டு அதிர. நாளையிலிருந்து உம்ம காலை நான் தள்ளுதேன், மதினிக்கு எளகுன மனசு, அதுதான் உமக்கு ஏறல என்றார்.

இன்று உளுந்தங்களி. நூற்று ஆறு என்பதை ஆவுடையிடம் இன்னும் சொல்லவில்லை. சாப்பிட்டு முடித்த பிறகு சொல்லலாம் என்று இருக்கிறேன்.